கரண்டு வைக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆப்பரேசன்

1

எங்க கல்யாண நாள் அன்னைக்கு சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ வந்துது. சிதம்பரத்துல ஒரு ஆஸ்பத்திரி. கட்டில்ல எங்க வூட்டுக்காரர் படுத்திருக்காங்க. மேல கம்பியில ரெண்டு பெரிய தண்ணிப் பை தொங்குது, கீழ மூத்திரப் பை தொங்குது. அதுல ரோஸ் கலர்ல தண்ணி. பக்கத்துல ஊதாக் கலர் சேலையில கஸ்தூரி நிக்கறா. ஒரு கை கட்டில் கம்பி மேல. இன்னொரு கையால மூத்திரக் குழாய் மடங்காம தூக்கிப் புடிச்சிருக்கா. மொகத்துல சிரிப்பு வேற.

அதுக்குக் கீழ, பெங்களூர்ல இருக்கற எங்க கொழுந்தனார் பேரன், ‘ஹேப்பி ஆனிவர்சரி தாத்தா பாட்டி, சூப்பர் ஜோடி’ன்னு போட்டிருந்தான். அந்தப் புள்ள என்னை நேர்ல பாத்ததே இல்ல. அவனைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா பின்னால வந்தவங்க? பூ போட்டாங்க, கேக்கு போட்டாங்க, செகப்பு நெஞ்சு போட்டாங்க. எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறினவங்களே போட்டாங்க. ‘டேய், அது பாட்டி இல்லடா’ன்னு ஒரு ஆள் எழுதல. நான் பெத்த பொண்ணு கை கும்பிடற பொம்மை போட்டிருந்தா. கேட்டா, “வேலையில இருந்தேம்மா, சரியாப் பாக்கல”ங்கறா.

நான் அதைப் பாத்தது பிரான்சு தேசத்துல, பாரீசுக்கு வெளிய ஒரு ஊர்ல, எட்டாவது மாடி அடுப்படியில. அடுப்புல பேத்திக்கு மக்ரோனி வெந்துக்கிட்டு இருந்துது. அது கொழைஞ்சி கூழாவற வரைக்கும் போட்டோவைப் பாத்தேன்.

பொறாமைன்னு சொல்லிக்க எனக்கு வெக்கமா இல்ல. மத்த எல்லாத்துக்கும் வெக்கப்படுவேன். நாலு பேர் இருக்கற எடத்துல வாய் தொறக்க மாட்டேன். பஸ்ஸுல யாராவது கால மிதிச்சாக்கூட, அவுங்களா எடுக்கற வரைக்கும் சும்மா நிப்பேன். இதை மட்டும் ஊர்ல இருக்கறவங்களுக்குச் சொல்லிடணும்னு இருக்குது. என் பேரு அஞ்சலை, அஞ்சாவதோட நிறுத்தினவ எழுதறது. எழுத்துத் தப்பு இருந்தா திருத்திப் படிச்சிக்கங்க.

2

கஸ்தூரி யாருன்னு சொல்லிடறேன். எங்க வூட்டுக்காரருக்கு அத்தை பொண்ணு. முறைப்பொண்ணு. அவ வயசுக்கு வந்தப்பவே இவுங்களுக்குத்தான்னு பேசி வெச்சது. அவ நர்சுக்குப் படிக்கணும்னு அடம் புடிச்சி தஞ்சாவூருக்குப் போயிட்டா. படிச்சி முடிச்சி வந்து, ஆபீசுல வேலை பாக்கற மாப்பிள்ளைதான் வேணும்னுட்டா. அப்பறம்தான் அசல்ல பொண்ணு தேடி எங்க வூட்டுக்கு வந்தாங்க. அவ வேணாம்னு வெச்ச எடத்துக்குத்தான் நான் வந்தேன்னு, கல்யாணமான மொத வாரத்துலயே எங்க மாமியார் எனக்குத் தெரியப்படுத்திட்டாங்க.

எங்க வூட்டுக்காரர் பஸ் டிரைவர். கடலூர் சிதம்பரம் தடம். எங்க வூடு செம்மண்டலத்துல. நான் விடியக்காலையில எழுந்து சோறு கட்டிக் கொடுப்பேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுல வண்டி நிக்கற நேரத்துல இவுங்க சாப்பிடறது அந்த ஊர்லயே இருக்கற அவுங்க அத்தை, கஸ்தூரியோட அம்மா வூட்டுச் சோறு. நான் கட்டிக் கொடுத்தது கண்டக்டருக்கு. “உங்க புளிக்கொழம்பு பிரமாதம்மா”ன்னு கண்டக்டர் ஒரு நாள் தெருவுல பாத்துச் சொன்னப்பதான் எனக்கு விசயமே தெரியும்.

அத்தை போன பிறகு அந்த வூட்ல கஸ்தூரி. சிதம்பரத்துலயே ஆஸ்பத்திரி வேலை. புருசன் போயி பத்து வருசத்துக்கு மேல ஆவுது, பையன் துபாய்ல இருக்கறான். வேலையிலேர்ந்து ரிட்டயர் ஆயிட்டா, வாய் மட்டும் ரிட்டயர் ஆவல.

“மச்சான், அன்னைக்கு நான் ம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, இத்தினி வருசமும் உங்க பஸ்ஸுல ஓசியிலயே ஊரைச் சுத்தியிருப்பேன்!”

இதை என் முன்னாடியே சொல்லுவா. எல்லாரும் சிரிப்பாங்க. நானும் சிரிப்பேன். சிரிச்சிட்டு உள்ள போயி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக் கழுவுவேன்.

நான் இங்க வந்தது எங்க ஒரே பொண்ணு செல்விக்காக. மாப்பிள்ளை பாண்டிச்சேரி, பிரெஞ்சுக் குடியுரிமை இருக்கற குடும்பம். ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, பேத்தி மாயாவைப் பாத்துக்க ஆள் இல்ல. “நீங்க ரெண்டு பேருமே வந்துடுங்க”ன்னுதான் செல்வி கூப்ட்டா. இவுங்க வரல. “அந்தக் குளிரு எனக்கு ஒத்துக்காது. நீ போய் இரு”ன்னாங்க. என் மொகத்தைப் பாக்காம, பேன் சுத்தறதைப் பாத்துக்கிட்டு சொன்னாங்க. நான் என்ன நெனச்சிருப்பேன்னு நீங்களே தெரிஞ்சிக்கங்க. கடலூர்லேர்ந்து சிதம்பரம் ஒரு மணி நேரம்.

3

இங்க என் பொழுது மாயாவோடதான். காலையில எழுப்பி, சடை பின்னி, பாலும் ரொட்டியும் கொடுத்து, பள்ளிக்கூடத்துல வுடணும். என்னை மாமின்னு கூப்பிடுது. இந்த ஊர்ல பாட்டிக்கு அதான் பேராம். தமிழ்ல கேட்டா பிரெஞ்சுல பதில் சொல்லும். தெருமுனை வரைக்கும் என் கையைப் புடிச்சிக்கிட்டு வரும், பள்ளிக்கூடம் கண்ணுல பட்டதும் கையை மெள்ள உருவிக்கும். கேட்டுகிட்ட, கூடப் படிக்கற புள்ளையோட பாட்டி, ஒரு வெள்ளைக்கார ஆயா நிக்கும். அது பண்ணிக் கொண்டாற கேக்கைப் பத்தி மாயா வூட்ல வந்து அவுங்கம்மாகிட்ட கதை கதையாச் சொல்லும். எனக்கு அந்த ஆயா மேலயும் பொறாமைதான். வேற என்னா சொல்றது.

போன வருசக் கடைசியில, இவுங்க போன் சரியா வரல. வந்தாலும் ‘நல்லாருக்கேன், வெச்சிடறேன்’னு ரெண்டு வார்த்தை. ஒரு நாள் நானா போட்டேன். எடுத்தது கஸ்தூரி.

“அக்கா, பயப்படாதீங்க. மச்சானுக்கு மூத்திரம் சுத்தமா அடைச்சிக்கிச்சி. கடலூர்லேர்ந்து ஆட்டோவுலயே இட்டாந்துட்டேன். டியூப் போட்டிருக்கு. எங்க வூட்லதான் இருக்காரு.”

“என்னைக்கு?”

“ஆவுது, பத்து நாளு. அக்காவுக்குச் சொல்லாதன்னாரு. டெஸ்ட்டெல்லாம் எடுத்திருக்கு.”

“திடீர்னு எப்புடி அடைக்கும்? நல்லாத்தான இருந்தாங்க?”

“எங்கக்கா நல்லாருந்தாரு? அஞ்சாறு வருசமாவே சொல்லிக்கினுதான இருக்காரு. நான்தான் டாக்டர்கிட்ட கேட்டு மாத்திர வாங்கித் தந்தேன். உங்களுக்குத் தெரியாதா?”

உங்களுக்குத் தெரியாதா. அவ வேணும்னு கேக்கல, தெரியும். அதனாலதான் அது இன்னும் உள்ளயே கெடக்குது.

அன்னைக்குப் பூரா அந்த அஞ்சாறு வருசத்தை ஒண்ணொண்ணா எடுத்துப் பாத்தேன். கல்யாண வூட்டுக்குப் போனா பந்தியில ஓரத்து எலையிலதான் உக்காருவாங்க. அதுக்கும் முன்னாடி மண்டபத்துக்குப் பின்பக்கம் ஒரு தடவை போயிட்டு வருவாங்க. பீடி குடிக்கப் போறாங்கன்னு நெனச்சி நான் மோந்து பாப்பேன். என் காப்பியைப் பாதியில வெச்சிடுவாங்க. சிதம்பரத்துக் காப்பி நாக்குல ஒட்டிக்கிச்சின்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடக்கரைக்கு ரெண்டு பேரும் போவோம், அதை நிறுத்திட்டாங்க. என்கூட நடக்கப் புடிக்கலன்னு நெனச்சேன். அவுங்க வேட்டியை அவுங்களே தொவைக்க ஆரம்பிச்சாங்க. அதுல என்னா மறைக்கறாங்கன்னு கொடியில காயற வேட்டியைப் பிரிச்சிப் பிரிச்சிப் பாத்திருக்கேன். ராத்திரியில நாலு தடவை எழுந்து போவாங்க, போன் பேசறாங்களான்னு காதை வெச்சிக் கேட்டிருக்கேன். கடைசியா அந்த பிளேன். பத்து மணி நேரம், நடு சீட்டுல, ரெண்டு பேரைத் தாண்டித் தாண்டி எழுந்து போவணும். குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஊரையே பஸ்ஸுல ஏத்திக்கிட்டுப் போன மனுசன், அதுக்குப் பயந்துக்கிட்டு வரல.

இத்தனையும் மூத்திரம். நான் அத்தனையும் கஸ்தூரின்னு நெனச்சேன்.

ஆனா ஒண்ணு பாருங்க. கடைசியில நான் நெனச்சதும் முழுசாத் தப்பில்ல. சொன்னது அவகிட்டத்தானே.

4

டெஸ்ட்டுல புத்துநோய்னு வந்துது. எனக்குப் புரிஞ்ச மட்டும் எழுதறேன், உங்க வூட்டு ஆம்பளைங்களுக்கும் உதவும். மூத்திரப் பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு ஒரு சுரப்பி இருக்குதாம். மூத்திரம் வர்ற குழாய் அதுக்கு நடுவுல பூந்துதான் வருது. வயசானா அது பெருத்து குழாயை நெருக்கும். அது பெரும்பாலும் சும்மா பெருக்கறதுதான். இவுங்களுக்கு அதோட சேந்து நோயும் இருந்துது. எலும்புக்குப் போவல, அந்த எடத்தோட இருக்குது, ஊசியும் போட்டு கரண்டும் வெச்சா கேக்கும்னாங்க. கரண்டு வைக்கறதுன்னா ஒடம்புல ஒயரை வைக்கறது இல்ல. மிஷினுக்குக் கீழ படுக்க வெச்சி கதிரைப் பாச்சறது. நம்ம பக்கம் எல்லாரும் கரண்டுன்னுதான் சொல்றோம்.

ஆனா சிதம்பரத்து டாக்டர், மொதல்ல வேற ஒண்ணு பண்ணணும்னாரு. மூத்திர வழியாவே கருவியை வுட்டு, அடைக்கற சதையை உள்ளாறவே செதுக்கி எடுத்துடணும். வெளிய கத்தி படாது. அது நோயை எடுக்கற ஆப்பரேசன் இல்ல, மூத்திரத்துக்கு வழி வுடற ஆப்பரேசன். அந்தப் புண்ணு ஆற ரெண்டு மாசமோ மூணு மாசமோ ஆவும். அதுக்கப்பறம்தான் கரண்டு.

கஸ்தூரி இதைப் போன்ல வெளக்கமாச் சொன்னா. என் காதுல வுழுந்தது ரெண்டே விசயம். ஆப்பரேசன் சிதம்பரத்துல. புண்ணு ஆறற வரைக்கும் இருக்கறது அவ வூட்ல.

பாண்டிச்சேரியில எங்க சம்பந்தி வூடு இருக்குது. கரண்டு வெக்கற ஆஸ்பத்திரியும் அங்க இருக்குது. நேரா அங்க போயிட்டா சிதம்பரத்துக்கு வேலையே இல்ல. மறுநாள் நான் இவுங்களுக்குப் போன் போட்டேன்.

“என்னாங்க, வந்திருக்கறது புத்துநோயி. அதை வுட்டுட்டு மூத்திரத்துக்கு எதுக்கு ஆப்பரேசன்? நேரா கரண்டு வெச்சிடுங்க. நோயி போனா அதுவும் தானா சரியாவும்.”

“டாக்டரு அப்புடி சொல்லலியே அஞ்சல.”

“டாக்டர் சொல்லலியா, கஸ்தூரி சொல்லலியா?”

“சரி. நீ சொல்றபடியே செய்யறேன்”ன்னாங்க.

எனக்கு அன்னைக்கு சந்தோசம் தாங்கல. நான் சொன்னேன், அவ சொல்லி இருந்தும் நான் சொன்னதைக் கேட்டாங்க. சாயங்காலம் மாயாவுக்குக் கேக்காமலே முறுக்கு சுட்டுக் கொடுத்தேன்.

பாண்டிச்சேரிக்குக் கார் வெச்சிக்கிட்டு, குழாயும் பையுமா இவுங்க போனாங்க. கூட யாரு? கஸ்தூரிதான். என் சம்பந்தியம்மாவுக்கு மூட்டு வலி. வீடியோவுல நானும் இருக்கணும்னு சொல்லியிருந்தேன். போனை அவதான் புடிச்சிருந்தா.

கரண்டு வெக்கற டாக்டர் சின்ன வயசு அம்மா. “குழாயை எடுத்துப் பாத்தாங்களா ஐயா?”ன்னு கேட்டாங்க.

“ரெண்டு தடவ எடுத்தாங்க. தானா வரல. திரும்பவும் போட்டுட்டாங்க.”

“அப்ப நேரா கரண்டு வெக்கறது நல்லதில்ல. வெச்சதும் அந்த எடம் மொதல்ல வீங்கும். ஏற்கெனவே அடைப்பு, இன்னும் அடைக்கும். மாசக் கணக்குல இந்தக் குழாயோடவே திரிய வேண்டி வரலாம். அப்பறம் ஆப்பரேசன் பண்ணலாம்னா, கரண்டு வெச்ச சதை லேசுல ஆறாது. மூத்திரம் அடக்க முடியாம ஒழுகிக்கிட்டே இருக்கற ஆபத்தும் ஜாஸ்தி. மொதல்ல வழி பண்ணிக்கிட்டு வாங்க. புண்ணு நல்லா ஆறட்டும். அது வரைக்கும் நோய் அடங்கி இருக்க ஊசி போட்டுக்கலாம். நாள் தள்ளுதேன்னு பயப்படாதீங்க.”

நான் ஜெயிச்சிருந்தா இவுங்க கதி என்னா ஆவறது? அது ஒரு பக்கம். கஸ்தூரி சொன்னதையேதான டாக்டரம்மாவும் சொல்றாங்கங்கறது இன்னொரு பக்கம். ரெண்டும் ஒரே நேரத்துல இருந்துது. ஒண்ணு இன்னொண்ணைத் தள்ளல.

“கரண்டு வெக்கற ஒவ்வொரு நாளும் தண்ணி குடிச்சிட்டு, மூத்திரத்தை அடக்கி வெச்சிக்கிட்டு வந்து படுக்கணும். முடியுமா ஐயா?”ன்னாங்க டாக்டரம்மா.

“அடக்கறதா? வாழ்நாள் பூரா பஸ் ஓட்டினவம்மா நான். வெளிய வுடறதுதான் இப்ப கஷ்டம், அடக்கறது எனக்குப் பரம்பரைத் தொழிலு மாதிரி.”

டாக்டரம்மா சிரிச்சாங்க. கஸ்தூரி சிரிச்ச சிரிப்புல போன் ஆடி, எனக்கு அந்த ரூம்பு சீலிங்கு மட்டும்தான் தெரிஞ்சிது. என்கிட்ட இவுங்க இப்புடி ஒரு தடவைகூட தமாஷ் பண்ணதில்ல.

தைரியத்தை வரவழைச்சிக்கிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன். “அந்த ஆப்பரேசனையும் பாண்டிச்சேரியிலயே பண்ணிக்கலாங்களா?”

“எங்க வேணும்னாலும் பண்ணிக்கலாம்மா. உங்களுக்கு எது வசதியோ.”

நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள இவுங்க சொல்லிட்டாங்க. “சிதம்பரமே இருக்கட்டும். கஸ்தூரிக்கு அங்க எல்லாரையும் தெரியும்.”

சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. அதான் எனக்கு ஆத்தரம்.

5

உடனே பிளேன் ஏறி வந்திருக்கலாமேன்னு கேப்பீங்க. இங்க இருக்கறதுக்கு எனக்கு ஒரு அட்டை உண்டு. அதுக்குக் கெடு முடிஞ்சி, புதுசுக்குக் கொடுத்திருக்குது. அது வர்ற வரைக்கும் கையில ஒரு தாளு. அந்தத் தாளை வெச்சிக்கிட்டு வெளிய போனா திரும்ப உள்ள வுடுவாங்களான்னு ஒருத்தர் வுடுவாங்கங்கறாங்க, ஒருத்தர் மாட்டாங்கங்கறாங்க.

கேட்டுட்டே வந்துடலாம்னு ஒரு புதன்கிழமை ஆபீசுக்குப் போனேன். புதன்கிழமை இங்க சின்னப் பசங்களுக்குப் பள்ளிக்கூடம் கெடையாது. செல்விக்கு லீவு கெடைக்கல. மொழி சொல்ல மாயாவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். வரிசையில ஒரு பகல் பூரா நின்னப்பறம் கண்ணாடிக்குப் பின்னால ஒரு பொம்பளை, என்னா அவசரம்னு கேட்டா. எனக்குத் தெரிஞ்ச ரெண்டு வார்த்தையைச் சொன்னேன். மரி மலாத். புருசனுக்கு ஒடம்பு சரியில்ல. என்னா ஒடம்புக்குன்னு கேட்டா. அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

“மாமி, தாத்தாக்கு என்னா?”ன்னு மாயா கேட்டுது.

குனிஞ்சி காதுல சொன்னேன். “ஒண்ணுக்குப் போவ முடியலடி. மெதுவாச் சொல்லு.”

மெதுவான்னா என்னான்னு அதுக்கு ரெண்டு மொழியிலயும் தெரியாது. கண்ணாடியில வாயை வெச்சி கத்துச்சி. அதுல ‘பிப்பி’ன்னு ஒரு வார்த்தை எனக்கே புரிஞ்சிது. வரிசை மொத்தமும் திரும்பிப் பாத்துது. கோட்டுக்குள்ளயே பூந்துக்கலாம் போல இருந்துது எனக்கு.

எங்களுக்குப் பின்னால கம்பளித் தொப்பி போட்ட ஒரு பெரியவர். எந்த நாட்டுக்காரரோ. முன்னால வந்து, தன் அடிவயித்தைத் தொட்டுக் காட்டி மாயாகிட்ட என்னமோ சொன்னாரு.

“அந்தத் தாத்தாக்கும் இதேதானாம் மாமி. மொதல்ல உள்ள சொரண்டி எடுத்தாங்களாம். அப்பறம்தான் மிஷினாம். இப்ப நல்லா பிப்பி போறாராம்.”

அவருக்குப் பக்கத்துல அவரு பொண்டாட்டி. அவரு பையைத் தூக்கிக்கிட்டு நின்ன அந்தம்மா, இல்ல இல்லன்னு தலையாட்டி அவரைத் திருத்துச்சி. ராத்திரிக்கு எத்தனை தடவை எழுந்தாருன்னு வெரலை நீட்டிக் காட்டுச்சி. அவரு கொறைச்சிச் சொன்னதை அந்தம்மா கூட்டிச் சொல்லுச்சி. ரெண்டு பேரும் சிரிச்சாங்க. முன்னப் பின்ன தெரியாத எங்கிட்ட அந்த மனுசன் சொல்றாரு. பக்கத்துல நிக்கற பொண்டாட்டிக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குது. எந்த ஊரோ, எந்த சாதியோ, அந்தம்மா மேல எனக்கு வந்த பொறாமைக்கு அளவே இல்ல. கஸ்தூரி மேலகூட அவ்வளோ வந்ததில்ல.

கண்ணாடிக்காரி கடைசியில சொன்னது இதுதான். போவலாம். திரும்பி வர முடியும்னு நான் எழுதித் தர முடியாது. புது அட்டை ரெண்டு மாசத்துல வரும்.

“இன்னும் கொஞ்ச நாள் பொறும்மா”ன்னு செல்வி அழுதா. “நீ திரும்பி வர முடியலன்னா மாயாவுக்கு யாரு? அப்பாவுக்குக் கரண்டு வெக்க ஆரம்பிக்கறப்ப அட்டை வந்துடும். அப்ப போயி கூடவே இரு. அதான முக்கியம்?”

முக்கியம்தான். ஆனா குழாய் இருக்கறது இப்ப.

6

அப்புடியே நான் இங்க இருக்க, ஆப்பரேசன் அங்க நல்லபடியா முடிஞ்சிது. அதுக்கு மறுநாள்தான் எங்க கல்யாண நாளு. அந்தப் போட்டோ வந்த நாளு.

அன்னைக்கு மத்தியானம் வீடியோ போட்டேன். மேலேர்ந்து தண்ணி உள்ள போயி, உள்ள இருக்கற ரத்தத்தை அலசிக்கிட்டு கீழ பையில எறங்குமாம். வெளுத்துக்கிட்டே வரணுமாம். கஸ்தூரி பையைத் தூக்கி எனக்குக் காட்டினா. “பாருங்கக்கா, காலையில பீட்ரூட்டு, இப்ப ரோஸ் மில்க்கு!” அப்ப வார்டு நர்சு பொண்ணு வந்துது. கஸ்தூரியைப் பாத்து, “ஏம்மா, உங்க வூட்டுக்காரரு தண்ணியே குடிக்க மாட்டேங்கறாரு, நீங்க சொல்லக் கூடாதா?”ன்னுது.

கஸ்தூரி கையில நான் இருக்கேன். போன்ல, உயிரோட.

“நான் சொல்லி எங்க கேக்கறாரு”ன்னா கஸ்தூரி. இல்லன்னு சொல்லல.

அவ டீ வாங்கக் கீழ போனா. போனை இவுங்க நெஞ்சு மேல சாச்சி வெச்சிட்டுப் போனா. எனக்கு இவுங்க தாடையும் மூக்கும்தான் தெரிஞ்சிது. நேரா மொகத்தைப் பாத்திருந்தா கேட்டிருக்க மாட்டேன்.

“ஏங்க, அவகிட்ட சொன்னீங்களே. எங்கிட்ட ஏன் சொல்லல?”

“அவ நர்சு.”

“நான்?”

தாடை சுவத்துப் பக்கம் திரும்பிச்சி.

“நீ பக்கத்துல படுக்கறவ. உங்கிட்ட எப்புடிப் புள்ள சொல்லுவேன், தூக்கத்துல வேட்டி நனையிதுன்னு.”

“நான் தொவைச்சிப் போட மாட்டனா?”

“போடுவ. அதான் சொல்லல.”

தண்ணி எறங்கற சத்தம் மட்டும் கேட்டுது. அந்தப் பதில்ல என் கோவம் பாதி போச்சி. பாதி அப்புடியே இருந்துது. ஏன்னா அந்தப் பதிலுக்கு நான் அஞ்சாறு வருசம் காத்திருக்க வேண்டியிருந்துதே, அவளுக்கு ஒரு நாள்கூட காத்திருக்க வேண்டியில்லியே.

குழாயை எடுக்கற நாள் வந்துது. மொத நாளே கஸ்தூரி சொல்லி வெச்சிட்டா. “நாளைக்குக் காலையில எடுத்துடுவாங்கக்கா. தானாப் போனா வூட்டுக்கு வுடுவாங்க. போவலன்னா திரும்பவும் டியூப்பு, அப்பறம் கரண்டும் தள்ளிப் போவும். வேண்டிக்கங்க.” நடராஜர்கிட்ட அவ வேண்டிக்கிட்டாளாம். நான் எங்க கடலூர் பாடலீஸ்வரர்கிட்ட வேண்டிக்கிட்டேன். இதுலயாவது வேற வேற கோயிலா இருக்கட்டும்னு.

இங்க பொழுது விடிஞ்சி, அடுப்படியில மாயாவுக்கு சடை பின்னிக்கிட்டு இருந்தேன். அங்க மத்தியானம் ஆவப் போற நேரம். போன் அடிச்சிது. இவுங்க போன்லேர்ந்து. கஸ்தூரியாத்தான் இருக்கும்னு எடுத்தேன்.

“அஞ்சல.” இவுங்க குரல். கெணத்துக்குள்ளேர்ந்து பேசற மாதிரி இருந்துது. “நான் கக்கூஸ்ல இருக்கேன்.”

“ஐயய்யோ, என்னாச்சி? வுழுந்துட்டீங்களா?”

“இல்ல. பேசாத. கேளு.”

கேட்டேன். மொதல்ல ஒண்ணும் இல்ல. அப்பறம் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. செம்மண்டலத்துல தெருக் குழாய்க்குத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி காத்து வந்து செருமுமே, அந்த மாதிரி வுட்டு வுட்டு ஒரு சத்தம். இவுங்க பல்லைக் கடிச்சி மூச்சு வுடறதும் கேட்டுது. அப்பறம் வந்துது. நிக்காம, சன்னமா, ஆனா நேரா. வந்துக்கிட்டே இருந்துது. மாயா சடை ஒண்ணு என் கையில பாதி பின்னினபடி இருந்துது. நாப்பது வருசத்துக்கு மேல ஒரே வூட்ல இருந்திருக்கோம், இவுங்க என்கிட்ட காட்டினதுலயே இதான் பெரிய விசயம்.

“கேட்டுதா?”

“கேட்டுதுங்க.”

“எரியிது. ஆனா போவுது.”

“எரியட்டும். நெறைய தண்ணி குடிங்க.”

“ம்.”

அதுக்குள்ள அந்தப் பக்கம் கதவைத் தட்டற சத்தம். கஸ்தூரி கொரலு வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

“மச்சான்! என்னா ஆச்சி? வண்டி ஸ்டார்ட் ஆச்சா, தள்ளணுமா?”

இவுங்க குரலைத் தணிச்சிக்கிட்டாங்க. “அவகிட்ட இன்னும் சொல்லல. வெச்சிடறேன்.”

வெச்சிட்டாங்க. மாயா திரும்பி என் மொகத்தைப் பாத்து பிரெஞ்சுல என்னமோ கேட்டுது. “ஒண்ணுமில்ல, தலையை நேரா வெய்யி”ன்னு சொல்லிட்டு மிச்ச சடையைப் பின்னினேன். ரிப்பன் கட்டி முடிக்கறதுக்குள்ள திரும்பவும் போன். இந்தத் தடவை கஸ்தூரி நம்பரு.

“அக்கா! நல்ல சேதி! மச்சானுக்குத் தானாப் போயிடுச்சி! இப்பதான் வெளிய வந்து சொன்னாரு. டாக்டருக்குக்கூட இன்னும் சொல்லல, மொத ஆளா உங்களுக்குத்தான் போன் போடறேன்!”

“அப்புடியா கஸ்தூரி?”ன்னேன். “எப்ப?”